பழைய கார்த் திரைக்கு ஐகோவா, நேவிட்டா?

விண்டோஸ் சி.இ. இயங்குதளம் கொண்ட பழைய கார்த் திரைகள் பல இன்னும் பழுதின்றி உழைக்கின்றன. காலாவதியானது உள்ளிருக்கும் வரைபடம்தான். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அதில் இருக்காது. தென்மாவட்டப் பேருந்தில் உறவினரை ஏற்றிவிடப் புறப்பட்டவரை அது கோயம்பேட்டுக்கே அனுப்பும். ஆகவே, இணையமின்றி இயங்கும் ஐகோ, நேவிட் என்னும் இரு வழிகாட்டி மென்பொருள்களையும் ஒப்பிடுகையில், புதிய வரைபடம் கிடைக்குமா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஹங்கேரியின் என்.என்.ஜி. நிறுவனம் உருவாக்கிய ஐகோ, வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்கும் கைக்கும் மிக இசைவானது. பெரிய பொத்தான்கள், முப்பரிமாணக் காட்சி, திருப்பத்துக்குப் போதிய தொலைவிலேயே எச்சரிக்கும் குரல் ஆகியவற்றில் நேவிட் அதற்கு ஈடாகாது. ஆனால் ஐகோவின் உரிமம் பெரும்பாலும் கருவியோடு பிணைந்தது என்பதால், உற்பத்தியாளர் கைவிட்ட கருவிக்கு முறையான புதுப்பிப்பு கிடைப்பது அரிது. கைமாறி வரும் திருட்டுப் பிரதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேவிட் கட்டற்ற மென்பொருள். பொதுமக்களே சேர்ந்து வரையும் கட்டற்ற வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை ஏற்கக்கூடியது. மேப்டூல் என்னும் துணை நிரலைக் கொண்டு, வேண்டிய மாநிலத்தை மட்டும் ஒரே கோப்பாக்கி எஸ்.டி. கார்டில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரின் புதிய புறவழிச்சாலை விடுபட்டிருந்தால் நீங்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து, அடுத்த முறை உருவாக்கும் கோப்பில் அதைக் காணலாம். இந்த ஓர் உரிமைக்காகவே அதன் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குறைகளும் சிறியவை அல்ல: அமைப்புகளை எக்ஸ்.எம்.எல். என்னும் உரைக் கோப்பில் கையால் திருத்த வேண்டும், குரல் வழிகாட்டலைத் தனியே அமைக்க வேண்டும், முகவரித் தேடலும் ஐகோவைவிடப் பின்தங்கியதே.

எதை நிறுவினாலும், ஜி.பி.எஸ். ரிசீவர் இணைந்துள்ள போர்ட்டின் (இணைப்பு வாயிலின்) எண்ணும் அதன் தரவு வேகமும் மென்பொருளின் அமைப்பில் சரியாகக் குறிக்கப்பட வேண்டும். அவை தவறினால் செயற்கைக்கோள் எதுவும் தென்படாது, ரிசீவரே கெட்டுவிட்டதென்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். விண்டோஸ் சி.இ. 5.0 ஒரு நிரலுக்கு 32 எம்.பி. நினைவக வெளியை மட்டுமே ஒதுக்குவதால், அதில் வரைபடத்தைச் சிறிதாக வைத்திருப்பதே நல்லது, 6.0 பதிப்பில் இந்த வரம்பு இல்லை.

முறையான புதுப்பிப்பு இன்னும் கிடைக்கும் கருவிக்கு ஐகோவையே வைத்திருங்கள். மற்றவற்றுக்கு நேவிட் ஏற்றது. நேவிட்டைக் கார்டில் தனிக் கோப்புறையில் இட்டு, திரையின் அமைப்பில் நேவிகேஷன் பாதையை, அதாவது வழிகாட்டி மென்பொருளின் கோப்பு இருக்கும் இடத்தை, மட்டும் மாற்றினால் போதும். பிடிக்கவில்லையென்றால் பழைய பாதையைத் திரும்பக் குறித்து ஐகோவுக்கே வந்துவிடலாம்.