மெட்ராஸ் ஐ காலத்தில் ஆன்டிபயாடிக் கண் சொட்டு மருந்து: யாருக்குப் பயன், யாருக்கு வீண்

மெட்ராஸ் ஐ பரவத் தொடங்கிவிட்டால் மருந்துக் கடைகளில் மளமளவென்று விற்றுத் தீர்வது 5 மில்லி பிளாஸ்டிக் குப்பியில் வரும் ஆன்டிபயாடிக் கண் சொட்டு மருந்துதான். பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்றாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் 0.5 சதவீத மாக்சிஃப்ளாக்சசின். எங்கள் வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் கண் சிவந்தபோது இந்த மருந்தைப் பயன்படுத்திப் பார்க்க நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி மதிப்பெண் போடுவதைவிட, இந்த வகை மருந்தையே, கண் நோய் ஊரெங்கும் பரவும் நாள்களில் நாம் அதை வாங்கிப் பயன்படுத்தும் விதத்தோடு சேர்த்து எடைபோடுவது பயனுள்ளதாக இருக்கும் என்று தோன்றியது.

மருந்து என்ற அளவில் இதைக் குறை சொல்வதற்கில்லை. பாக்டீரியா பெருகுவதற்குத் தன் டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தியும் பிரித்தும் ஆக வேண்டும். அதற்கு உதவும் இரண்டு நொதிகளை மாக்சிஃப்ளாக்சசின் முடக்கிவிடுகிறது. கண்ணில் சீழ் வைக்கக் காரணமாகும் ஸ்டாஃபிலோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் ஆகிய மூன்று வகைக் கிருமிகளின் மீதும் இது வேலை செய்யும். வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும் இந்த மருந்தைக் கண்ணில் விட்டால் பெரிய எரிச்சல் இல்லை. ஆனால் சற்று நேரத்தில் தொண்டையில் கசப்புத் தட்டும், ஏனென்றால் கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் வழியாக மருந்து இறங்கிவிடுகிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டால் கசப்பும் குறையும், மருந்தும் தங்க வேண்டிய இடத்தில் தங்கும்.

சிக்கல் மருந்தில் இல்லை, அதை எந்த நோய்க்கு வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. 1918இல் சென்னையில் முதலில் கண்டறியப்பட்டதாகச் சொல்லப்படும் மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் அடினோ வைரஸ்தான் காரணம். 1969இல் கானாவில் தொடங்கி, 1971இல் கல்கத்தாவையும் வங்கதேச அகதி முகாம்களையும் ஆட்டிவைத்த ரத்தக்கசிவுக் கண் நோய்க்குக் காரணம் என்டெரோ வைரஸ் 70. அதே வகை நோயைக் காக்சாக்கி ஏ24 என்ற வைரஸின் ஒரு திரிபும் உண்டாக்கும். மாக்சிஃப்ளாக்சசின் முடக்கும் நொதிகள் இந்த வைரஸ்கள் எதிலும் கிடையாது. ஆகவே சொட்டு மருந்தைக் கைதவறாமல் வேளாவேளைக்கு விட்டாலும் வைரஸுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இணையத்தில் மருந்து விற்கும் தளங்களில் ‘மூன்றே நாளில் குணம்’ என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பவர்கள் பொய் சொல்லவில்லை. என்டெரோ வைரஸ் வகைக் கண் நோய் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தானாகவே தணிந்துவிடும், அந்த நற்பெயர் குப்பிக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். அடினோ வைரஸ் வகையோ இரண்டு வாரமும் அதற்கு மேலும் இழுக்கும். ஒற்றை நட்சத்திரம் கொடுத்து மருந்தைத் திட்டுகிறவர்கள் அந்த வகையில் மாட்டிக்கொண்டவர்களாக இருக்கக்கூடும்.

இந்த மருந்துக்கு உண்மையிலேயே வேலை வருவது, வைரஸ் தாக்கிய கண்ணில் அதன் மேல் பாக்டீரியாவும் தொற்றிக்கொள்ளும்போதுதான். கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வான வெண்படலம் வீங்கி, அதன் மேற்பரப்புச் செல்கள் சிதைந்து கிடக்கும் நிலையில், அரிப்புத் தாங்காமல் கையால் கசக்கும்போது, தோலிலும் மூக்கிலும் வழக்கமாகவே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் உள்ளே நுழைய வழி கிடைத்துவிடுகிறது. இப்படி நேர்வது சிலருக்குத்தான், பெரும்பாலானவர்களுக்கு நேர்வதில்லை. காலையில் இமை ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனென்றால் வைரஸ் மட்டும் இருக்கும் கண்ணிலும் இரவில் வடிந்த நீர் காய்ந்து இமையை ஒட்டவைக்கும். பீளையைத்தான் கவனிக்க வேண்டும். தண்ணீராகவோ மெல்லிய நூலாகவோ வடிந்துகொண்டிருந்தது, மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகி, வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்த சிறிது நேரத்திலேயே மறுபடி இமையோரத்தில் திரண்டு, பகல் முழுக்க அப்படியே தொடர்ந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். நாலைந்து நாளில் தேறி வந்த கண் திடீரென்று மறுபடி மோசமாவதும் அப்படிப்பட்ட ஓர் அறிகுறி. இந்த நிலையில் மருத்துவர் எழுதிக்கொடுத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை வீதம் ஒரு வாரம் விடும்போது இந்த மருந்து கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது.

அப்படியானால் பீளை கெட்டியாகாதவர்களுக்கும் மருத்துவர்கள் ஏன் இதை எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஐ பரவியபோது, ஒன்றரை லட்சம் பேர் பாதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றதாக நலவாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார். அத்தனை பேரின் பீளையையும் பஞ்சில் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து முடிவு செய்ய எந்தப் புறநோயாளர் பிரிவாலும் இயலாது. முன்னெச்சரிக்கையாக ஒரு குப்பி எழுதிக்கொடுப்பதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊரே ஒரே சமயத்தில் ஒரே ஆன்டிபயாடிக்கைத் தேவையின்றிக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தால், அதற்கு மசியாத கிருமிகள் பெருகுவதற்கும் நாமே வழிசெய்கிறோம்.

குப்பியைப் பற்றித்தான் எனக்குப் பெரிய குறை. ஒரு சொட்டு ஏறத்தாழ 40 மைக்ரோ லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 5 மில்லிக் குப்பியில் 125 சொட்டுகள் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் மூன்று வேளை, ஏழு நாள் என்று கணக்கிட்டால் செலவாவது 42 சொட்டுகள்தான். மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சுகிறது. மிஞ்சியதைக் கொட்ட மனம் வராமல் ‘உனக்கும் கண்ணு சிவந்திருக்கா, இதையே விட்டுக்கோ’ என்று அடுத்தவருக்கு நீட்டுவதும், அடுத்த வருடத்திற்கு என்று குளிர்பதனப் பெட்டிக் கதவில் செருகிவைப்பதும் நம் வீடுகளில் நடக்கிறவைதான். குப்பியின் முனை இமைமயிரில் பட்டுவிட்டால் அந்த வைரஸ் குப்பியோடு அடுத்தவர் கண்ணுக்குப் பயணமாகும். மூடியை இறுக்கித் திருகினால் அதன் உட்புறமுள்ள முள்ளே முனையைத் துளைத்துவிடும் வகைக் குப்பிகள் பல இருந்தும், அது தெரியாமல் குண்டூசியால் குத்துகிறவர்கள் ஏராளம். துளை பெரிதாகிச் சொட்டு கொட்டுவதோடு, ஊசியில் இருக்கும் அழுக்கும் மருந்தில் கலக்கிறது. சில தயாரிப்புகளில் கிருமித்தடுப்பு ரசாயனம் தனியாகச் சேர்க்கப்படுவதில்லை என்பதால், திறந்த நான்கு வாரத்திற்குள் எறிந்துவிட வேண்டும் என்ற விதியைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். அந்த வரி எங்கள் குப்பியின் அட்டைப்பெட்டியில் எறும்பளவு எழுத்தில் ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருந்தது.

சொட்டு மருந்தே கிருமியைச் சுமந்துவந்தால் என்ன ஆகும் என்பதை 2023இல் அமெரிக்கா பார்த்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தயாரித்து அங்கே விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றில் சிலர் பார்வையை இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். அது ஆன்டிபயாடிக் மருந்து அல்ல, ஆலையில் நேர்ந்த கோளாறும் வீட்டில் முனையைத் தொடுவதும் ஒன்றல்ல. ஆனாலும் கண்ணில் விடும் திரவத்தில் சுத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்னொரு குறை விற்பனையில் இருக்கிறது. எங்கள் பகுதிக் கடை ஒன்றில் ‘மெட்ராஸ் ஐக்கு மருந்து’ என்று கேட்டதும், சீட்டைக்கூடக் கேட்காமல் மாக்சிஃப்ளாக்சசினோடு டெக்சாமெத்தசோன் கலந்த குப்பியை எடுத்துவைத்தார்கள். பெட்டியின் நிறமும் வடிவமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்ததால், கீழே இருந்த பொடி எழுத்தைப் படிக்காவிட்டால் வித்தியாசம் தெரிந்திருக்காது. டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அதை விட்டால் சிவப்பு சட்டென்று வடியும், அதனால்தான் ஆட்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் அடினோ வைரஸ் கண்ணில் கூடுதல் நாள் தங்கியிருக்க அது வழிவிடும். சிவப்புக்குக் காரணம் ஹெர்பெஸ் வைரஸாக இருந்தால் கருவிழியையே அரித்துவிடக்கூடும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் ஏறும். கருவிழியில் படலமோ புள்ளிகளோ விழுந்தவர்களுக்கு மருத்துவர் பார்த்து அளந்து கொடுக்கும் மருந்து அது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது.

இதற்கு மாற்றாகத் தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று யோசனை சொல்கிறவர்களிடம் விலகி நிற்பது நல்லது, புண்பட்ட கண்ணுக்குள் பாக்டீரியாவைக் கொண்டுசேர்க்க அவையே போதும். வெறும் நீர் வடியும் சிவந்த கண்ணுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணி, தேவைப்பட்டால் செயற்கைக் கண்ணீர், தனித் துண்டு, தனித் தலையணை உறை, அடிக்கடி சோப்புப் போட்டுக் கைகழுவுதல் ஆகியவை போதும். ஆல்கஹால் எளிதில் சிதைத்துவிடும் கொழுப்பு உறை அடினோ வைரஸுக்குக் கிடையாது என்பதால் கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவத்தை நம்பிச் சோப்பைக் கைவிட வேண்டாம்.

ஆகவே மருந்துக்கு ஐந்துக்கு நான்கு, குப்பிக்கும் பெட்டிக்கும் இரண்டு. பீளை கெட்டியாகி நாள் முழுக்க வடிகிறவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு இதைத் தயங்காமல் வாங்கலாம், ஆளுக்கு ஒரு குப்பி என்று. கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள், கண்ணில் கடும் வலியோ வெளிச்சம் பட்டால் கூச்சமோ பார்வை மங்கலோ கருவிழியில் வெள்ளைப் புள்ளியோ காண்கிறவர்கள், கண் சிவந்த பச்சைக்குழந்தையைக் கையில் வைத்திருப்பவர்கள் ஆகியோர் மருந்துக் கடைப் பக்கம் போகாமல் அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவர்கள் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.