நாள் முழுவதும் திரையில் தமிழ் வாசிக்க எந்த எழுத்துரு?

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தபடி சிங்கள, தமிழ், ஆங்கில மும்மொழி ஆவணங்களை ஒப்புநோக்குவது என் தொழில். பல ஆண்டுகளாகக் காலை முதல் மாலை வரை திரையிலேயே தமிழ் வாசிப்பதால், எந்த எழுத்துரு கண்ணுக்கு இதமானது, எது நண்பகலுக்குள் களைப்பைத் தருவது என்பது பழக்கத்தில் தெரிந்துவிட்டது.

பாமினி என்ற பழைய எழுத்துரு அச்சில் இன்றும் அழகுதான். ஆனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஏற்றிச் செய்தது என்பதால், அது நிறுவப்படாத கணினியில் மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி வந்து நிற்கும். சொற்களைத் தேடவும் இயலாது. வின்டோஸின் லதா எழுத்துருவில் அமைந்த பழைய கோப்புகளின் சிக்கல் வேறு. வின்டோஸ் 10 முதல் லதாவும் சிங்களத்துக்கான இஸ்கோல பொதவும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியவையாகிவிட்டதால், புதிய கணினியில் வேறோர் எழுத்துரு அந்த இடத்தைப் பிடித்து, திருத்தி முடித்த பக்கங்களின் வரிகளை இடம்பெயர்த்துவிடுகிறது. 2012இல் வின்டோஸ் 8 உடன் வந்த நிர்மலா யூஐ இரு மொழிகளையும் தாங்குவதால் மும்மொழிப் பணிக்கு வசதியானது, எனினும் நீண்ட வாசிப்புக்கு அதன் கோடுகள் எனக்கு மெலிவாகவே படுகின்றன.

எந்த எழுத்துருவையும் நான் முதலில் சோதிப்பது ‘எண்ணினான்’, ‘பாராளுமன்றம்’ ஆகிய இரு சொற்களைக் கொண்டுதான். சிறிய அளவில் ணகரத்தின் சுழிகள் அடைபட்டால் அது னகரமாகத் தோன்றும். ரகரத்தின் கீழ்ச்சாய்வு மங்கினால் அதன் இருபுறமும் நிற்கும் அரவுகளோடு (‘ா’) கலந்துவிடும். பெயர்ப் பட்டியல்களை ஒப்புநோக்கும்போது இது சிறு விடயமன்று. நோட்டோ சான்ஸ் தமிழ் இச்சோதனையில் தேறுகிறது. நோட்டோ செரிஃப் தமிழின் மெல்லிய கோடுகளோ 1366 × 768 மடிக்கணினித் திரையில் அறுந்து தெரிகின்றன. அதே எழுத்துரு நல்ல கைபேசியில் புத்தகப் பக்கம்போல் இருக்கிறது. கட்டமரன் தலைப்புக்குச் சிறப்பு, பந்திகளுக்கு அன்று.

இப்போது நீண்ட வாசிப்புக்கு எழுத்துரு வடிவமைப்புக் குழுவான ஏக் டைப் உருவாக்கிய முக்த மலரையும், பிழைதிருத்தத்துக்கு நோட்டோ சான்ஸையும் வைத்திருக்கிறேன். எதுவாயினும் வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. ஆங்கிலப் பத்திக்கு வைத்த இடைவெளியை அப்படியே தமிழுக்கும் விட்டால், ‘மூ’வின் வால் அடுத்த வரியிலுள்ள ‘கீ’யின் சுழியில் போய் முட்டும், வேர்டில் இடைவெளியை நிலையான சிறு அளவாகப் பூட்டிவிட்டாலோ புள்ளிகளே வெட்டுப்பட்டு, மெய்யெழுத்துகள் உயிர்மெய்யாகிவிடும்.