ஸ்கேன் பக்கமா, லிங்க்கா?

பவளப்பாறை பாடத்தை ஆன்லைனில் எடுக்கும் ராமநாதபுரம் கல்லூரி ஆசிரியருக்கு இரண்டு வழி. புத்தகத்தின் தேவையான பக்கங்களை ஸ்கேன் செய்து கொடுக்கலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, கற்பித்தலுக்காக ஆசிரியர் படியெடுப்பதை அனுமதிக்கிறது. புத்தகப் பக்கங்களை மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்ததை எதிர்த்துப் பதிப்பகங்கள் தொடுத்த டெல்லி பல்கலைக்கழக நகல் வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் அது அச்சு நகல் பற்றிய வழக்கு. அதனால் கோப்பு வகுப்புக் குழுவைத் தாண்டவே கூடாது. யூடியூபில் பொதுவாக ஏற்றுவது வேறு கதை.

சட்டப்படி வெளியான பக்கத்துக்கு லிங்க் கொடுப்பதில் இந்தத் தலைவலி குறைவு. ஆனால் பாம்பனில் சிக்னல் போய்விட்டால் லிங்க் திறக்காது; அந்தப் பிள்ளைகளுக்காக நான் ஸ்கேன் பக்கமே நிற்பேன். படங்களுக்கு மட்டும், கட்டற்ற உரிமத்தில் படங்கள் கிடைக்கும் தளமான விக்கிமீடியா காமன்ஸ் போதும்: எடுத்தவர் பெயர், உரிம வகை இரண்டையும் படத்தின் கீழேயே எழுதுங்கள்.