பழைய கட்டடத்தைச் சுற்றுலாவுக்குத் திறப்பது: ஒரே நிறுவனத்துக்குக் குத்தகையா, உள்ளூர் வணிகர்களோடு கூட்டா?

நூற்றாண்டு கடந்த ஒரு கட்டடத்தைச் சுற்றுலாவுக்குத் திறக்க எண்ணும் உரிமையாளர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே இருக்கின்றன. முழுக் கட்டடத்தையும் ஒரு விடுதி நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது ஒன்று. கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சுற்றுவட்டாரத்துச் சிறு வணிகர்கள், கைவினைஞர்கள், வழிகாட்டிகள், தங்கும் அறை நடத்துவோர் ஆகியோரோடு கூட்டாக நடத்துவது மற்றொன்று. குடும்பப் பொதுச்சொத்தான ஒரு கட்டடத்தைப் பற்றி எங்கள் பங்காளிகளிடையே இந்தப் பேச்சு எழுந்தபோது நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

குத்தகை வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. சீரமைப்புக்கான பெருந்தொகையை நிறுவனமே போடுகிறது, முன்பதிவும் விளம்பரமும் அதன் பொறுப்பு, உரிமையாளருக்கு மாதந்தோறும் வாடகை வந்துவிடுகிறது. ஸ்பெயினில் 1928இல் தொடங்கிய பரடோர் என்னும் அரசு விடுதித் தொடர், கோட்டைகளையும் மடாலயங்களையும் தங்கும் இடங்களாக்கி, ஒரே நிர்வாகத்தின் கீழ் பல கட்டடங்கள் நிலைக்க முடியும் என்று காட்டியது. போர்ச்சுகலில் 1942இல் தொடங்கிய பௌசாடா விடுதிகளின் நிர்வாகம் 2003இல் ஒரு தனியார் குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2016இல் அதே நாட்டு அரசு, பாழடைந்து கிடந்த பொதுக் கட்டடங்களைத் தனியாருக்கு உரிம முறையில் விடும் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. இவற்றைப் பார்த்தபின் குத்தகையை மட்டமான வழி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பயணி செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. உணவு, துணி வெளுப்பு, வாகனம், நினைவுப் பொருள் அனைத்தும் விடுதி வளாகத்துக்குள்ளேயே கிடைத்துவிட்டால் வெளித்தெருவுக்குச் சேருவது மிகக் குறைவு. கூட்டு முறையில் அதே செலவு பல கைகளுக்குப் போகிறது. இதை எல்லோரும் அறிவார்கள் என்பதால் மேலே விரிக்கவில்லை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பராமரிப்பு.

சீரமைப்புக்குப் பணம் திரட்டிவிடலாம். பராமரிப்புக்குத் திரட்டுவதுதான் கடினம். சிதைந்த முகப்பு புதுப்பொலிவு பெற்றதை மானியம் தருபவருக்கும் நன்கொடையாளருக்கும் படம் பிடித்துக் காட்டலாம். மழைக்கு முன் வடிகாலில் அடைந்த இலைகளை வாரியதை யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய கட்டடங்கள் விழுவது பெரும்பாலும் இந்தச் சின்ன வேலை நடக்காமல் போவதால்தான். அடைபட்ட வடிகாலிலிருந்து வழியும் நீர் சுவருக்குள் இறங்குகிறது, அங்குள்ள உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து காரையை உதிர்க்கிறது, உத்திரம் சுவரில் ஊன்றியிருக்கும் முனையை நனைத்துக்கொண்டே இருந்து மட்கச் செய்கிறது. அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால், சுண்ணாம்பைப் போல ஈரத்தை வெளியே விடாத அந்தப் பூச்சு, நோயை மறைத்து வைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை. 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸும் அவருடைய கூட்டாளிகளும் இங்கிலாந்தில் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பெரிய மீட்டுருவாக்கங்களைவிட அன்றாடக் கவனிப்பே மேல் என்று வாதிட்டது. ஒரு மழைக்காலத்தைப் பழைய கூரையின் கீழ் கழித்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

இந்த இடத்தில்தான் குத்தகையின் பலவீனம் தெரிகிறது. முப்பது ஆண்டுக் குத்தகை என்று வைத்துக்கொண்டால், தொடக்க ஆண்டுகளில் நிறுவனம் தாராளமாகச் செலவிடும். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கக் காலம் இருக்கிறது. இருபத்தைந்தாம் ஆண்டில் கூரையை மாற்ற வேண்டி வந்தால், அதன் பலனை அனுபவிக்கப் போவது தானல்ல என்று தெரிந்த நிறுவனம் ஒட்டுப் போட்டே நாளைக் கடத்தும். இதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. கணக்கு அப்படித்தான் சொல்லும். குத்தகை முடிந்து கட்டடம் திரும்பி வரும்போது, தள்ளிப்போட்ட வேலைகள் அத்தனையும் உரிமையாளர் தலையில் விழும். மேலும் ஒரே தொழிலை நம்பிய கட்டடம் அந்தத் தொழில் படுத்தால் பூட்டப்படும். 2020இல் உலகளவில் பன்னாட்டுப் பயணிகளின் வருகை 70 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தபோது விடுதிகளின் நிலை என்ன ஆனது என்று அனைவரும் பார்த்தோம். பூட்டிய பழங்கட்டடம் காற்றோட்டமின்றிப் புழுங்கும். கரையானுக்கு அதைவிட வசதி வேறில்லை.

கூட்டு முறையில் கட்டடத்தைத் தினமும் பல கண்கள் பார்க்கின்றன. பயணிகள் வராத மாதங்களிலும் தையற்கூடமோ பட்டறையோ சிறு அலுவலகமோ திறந்திருக்கும், ஆகவே ஒழுகல் தொடங்கிய அன்றே யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் சொல்வது வேறு, பணம் தருவது வேறு. பழைய கட்டடத்தின் அழகால் தெரு முழுவதும் வியாபாரம் பெருகும். அதன் கூரை ஓடுகளை மாற்றும் செலவில் மட்டும் பங்கெடுக்க ஆள் இருக்காது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்ட நல்ல முன்மாதிரி கனடாவின் டொராண்டோ நகரில் உருவானது. புளூர் வெஸ்ட் வில்லேஜ் வணிகர்கள், விருப்பச் சந்தாவை நம்பினால் சிலர் கொடுக்கச் சிலர் அனுபவிப்பார்கள் என்று கண்டு, எல்லைக்குட்பட்ட எல்லா வணிகர்களிடமும் நகராட்சியே கட்டணம் வசூலித்துத் தரும் சட்ட ஏற்பாட்டைப் பெற்று, 1970இல் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதியை அமைத்தார்கள். அமெரிக்காவில் 1977இல் மூன்று சிறு நகரங்களில் சோதனையாகத் தொடங்கி 1980இல் தேசிய மையமாக வளர்ந்த மெயின் ஸ்ட்ரீட் திட்டம் இன்னொரு பாடத்தைத் தருகிறது: பழைய கடைவீதியின் கட்டடங்களையும் வணிகத்தையும் சேர்த்துக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர் வேண்டும்.

எங்களுக்குச் சட்டத்தின் துணை இல்லை, ஒப்பந்தத்தின் துணைதான். ஒவ்வொரு கூட்டாளியும் தன் விற்பனைத் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதிக்கு முதலில் செலுத்திவிட வேண்டும், அதன் பிறகே மற்றப் பங்கீடு. இலாபத்தில் பங்கு என்று வைக்கவில்லை, ஏனென்றால் இலாபத்தைக் கணக்கில் சுருக்கிக் காட்டுவது எவருக்கும் எளிது. இந்த நிதியை விளம்பரத்துக்கோ விழாவுக்கோ தொடக்கூடாது என்ற விதியில்தான் வாக்குவாதம் அதிகம் நடந்தது, இப்போதும் நடக்கிறது. கூட்டு முறையின் மிகப் பெரிய செலவு இப்படிப் பேசித் தீர்க்கும் நேரம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவிலும் வழிகள் இல்லாமலில்லை. 1976 நிலநடுக்கத்துக்குப் பின் இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் காலியாகக் கிடந்த வீடுகளைப் பயன்படுத்தும் முயற்சியிலிருந்து பிறந்த சிதறிய விடுதி முறையில், அறைகள் ஊரின் பல வீடுகளில் இருக்கும், நிர்வாகம் ஒன்றாக இருக்கும். சார்தீனியா 1998இலேயே இதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. பிரிட்டனில் 1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் அறக்கட்டளை, சிதையும் நிலையிலுள்ள சிறு கட்டடங்களைச் சீரமைத்துக் குறுகிய காலத் தங்கலுக்கு விட்டு, அந்த வாடகையை அவற்றின் பராமரிப்புக்கே செலவிடுகிறது. சொந்தக்காரர்கள் ஊரிலேயே இல்லாத குடும்பங்களுக்கு இவை கூட்டைவிடப் பொருந்தலாம்.

ஊரிலிருந்து விலகி மலைமேல் நிற்கும் கோட்டைக்கும், நூறு அறை கொண்ட அரண்மனைக்கும் குத்தகையே சரி. அங்கே கூட்டுச் சேர அக்கம்பக்கத்தில் வணிகரே இருக்கமாட்டார். அப்படிக் குத்தகைக்கு விடுபவர்கள், கடைசி ஐந்து ஆண்டுகளின் பராமரிப்புத் தொகையை நிறுவனம் முன்கூட்டியே தனிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்றும், கூரையையும் வடிகாலையும் ஆண்டுதோறும் உரிமையாளர் அமர்த்தும் பொறியாளர் பார்வையிடுவார் என்றும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கூட்டு முறை வெற்றி பெற்றால் வரும் சிக்கலும் உண்டு. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கி, 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதியும் கிடைத்தபின் பழைய குடியிருப்பாளர்கள் பலர் வெளியேறினார்கள். கடைவீடுகள் பிழைத்தன, அவற்றில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் நிலைக்கவில்லை. இதற்கு எதிராக எங்கள் ஒப்பந்தத்தில் வாடகை உயர்வுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கடை கைமாறினால் பராமரிப்புப் பொறுப்பும் கூடவே கைமாறும் என்றும் எழுதியிருக்கிறோம். முதல் கூட்டாளிகளே இன்னும் தொடர்வதால், இந்த இரண்டு விதிகளும் நெருக்கடியில் தாங்குமா என்று அனுபவத்திலிருந்து சொல்லும் நிலையில் நான் இன்னும் இல்லை.