கியோட்டோவில் 12 வாரம்: நான் படித்த மொழிப்பள்ளி

கிருஷ்ணகிரி சந்தையில் தெலுங்கையும் கன்னடத்தையும் காதால் கேட்டே கற்றுக்கொண்ட எனக்கு, வகுப்புக் கட்டணம் செலுத்திப் படித்த முதல் மொழி ஜப்பானியம்தான். ஓசூரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஜப்பானியப் பொறியாளர்கள் அடிக்கடி வருவதால், செப்டம்பர் தொடங்கி நவம்பர் இறுதிவரை கியோட்டோவில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படித்தேன். குறுகிய கால விசாவில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்பதால் 12 வாரப் பயிற்சியே எனக்குப் பொருந்தியது.

கற்பிக்கும் முறைக்குக் குறை சொல்ல முடியாது. முதல் நாளிலிருந்தே ஆங்கிலம் கலவாமல் ஜப்பானியத்திலேயே பாடம் நடத்துகிறார்கள். வினைச்சொல் இறுதியில் வருவதும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் நமக்குப் பழகியவை. ‘மேசையின் மேல்’ என்பதை அவர்கள் ‘த்ஸுகுஎ நோ உஎ’ என்று அதே வரிசையில் சொல்லக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆனால் ‘காஞ்சி’ எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துக்கு அப்படிக் குறுக்கு வழி கிடையாது. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 எழுத்துகள் இருக்க, அதற்கு வாரம் இரண்டு வகுப்புகள் மட்டும் ஒதுக்கியது போதவில்லை.

பெரிய குறை உணவில்தான். சைவம் என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியிருந்தும், சோயா விழுதைக் கரைத்து வைக்கும் மிசோ சாற்றில்கூட உலர்ந்த மீனின் வடிநீர் சேரும் என்பதைப் பள்ளி முன்கூட்டியே சொல்லவில்லை, வீட்டாரிடமும் தெரிவிக்கவில்லை. முதல் வாரம் வெறும் சோறும் டோஃபுவுமாகக் கழிந்தது. அதைக் கவனித்த அந்த வீட்டு அம்மாவே, மறுவாரத்திலிருந்து கடற்பாசியும் காய்ந்த காளானும் ஊறவைத்த நீரில் எனக்கெனத் தனியே சாறு வைத்தார். நான் கொண்டுசென்ற பெங்களூரா மாங்கூழ் டின்னைக் கழுவி, அதில் சாப்பாட்டுக் குச்சிகளைப் போட்டு அடுப்படியில் வைத்திருந்தார். (போகிறவர்கள் டின்னாகவே கொண்டுபோங்கள்; சான்றிதழ் இல்லாமல் மாம்பழத்தை உள்ளே விடமாட்டார்கள்.)

கடைசி வாரத்தைத் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் செலவிட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேச்சு வாயில் படிந்து, பேருந்துப் பலகைகளை நின்று நிதானமாக வாசிக்க வந்த நேரத்தில், நான்கு சுவருக்குள் கேள்வித்தாளோடு உட்கார நேர்ந்தது. மாலைகளில் மட்டும், காமோ ஆறும் தகானோ ஆறும் கூடுமிடத்தில் ஆமை வடிவக் கற்களின் மேல் கால்வைத்து அக்கரைக்குப் போய், சிவந்த மேப்பிள் மரங்களைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த வாரத்தை மாணவர்களுக்கே விட்டுவிடுமாறு பள்ளிக்கு எழுதியிருக்கிறேன். இனிப் போகிறவர்கள் செலவு கூடினாலும் விடுதியைத் தவிர்த்து வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தினமும் காலையில் கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’ என்பேன். ‘இத்தெராஷாய்’ என்பார் அந்த வீட்டு அம்மா. நம் வீடுகளில் ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்வதும், ‘போய்விட்டு வா’ என்று வழியனுப்புவதும் எதுவோ, அதுவேதான் அது. கடைசி நாள் பெட்டியோடு வாசலில் குனிந்து காலணி மாட்டிக்கொண்டு, ‘சயோனாரா’வும் நன்றி வாசகமும் சொல்ல நிமிர்ந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டு ‘இத்தெராஷாய்’ என்றார். மனப்பாடம் செய்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. ‘இத்தெகிமாஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.