வெளியில் நிலக்காட்சி வரைய: நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா?

சுமை: நீர்வண்ணத்துக்கு ஒரு சிறு பெட்டி, இரண்டு தூரிகை, அரை லிட்டர் தண்ணீர் போதும். எண்ணெய்க்கு ஈசல் (ஓவியப் பலகையை நிறுத்தும் தாங்கி), வண்ணத்தைக் கரைக்க டர்பன்டைன், ஈர ஓவியம் உரசாமல் கொண்டுவர ஒரு பெட்டி என்று சேர்ந்துகொண்டே போகும்.

செலவு: நீர்வண்ணமே குறைவு. ஆனால் தாளில் மிச்சம் பிடிக்காதீர்கள். 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) குறைந்த தாள் நனைந்ததும் நெளியும், வண்ணம் பள்ளத்தில் தேங்கும்.

உலர்தல்: முடிவெடுக்க வைப்பது இதுதான். சென்னைக் கடற்கரை வெயிலில், வானத்துக்கு இழுத்த நீர்வண்ணம் பாதியிலேயே காய்ந்து கோடு விழும். தாளை முன்னதாக இருபுறமும் நனைத்து, பிளாஸ்டிக் பலகைமேல் ஒட்டிவைத்தால் கொஞ்சம் தாங்கும். கொடைக்கானல் மூடுபனியிலோ லேசில் காயாது. பொறுக்காமல் அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் கலங்கிவிடும். எண்ணெய் தொட்டுப் பார்க்குமளவு உலரவே சில நாளாகும், ஆகவே வெயில் பொருட்டே இல்லை. அங்கே சிக்கல் வேறு: ஈரத்தின்மேல் ஈரம் பூசுவதால், வெள்ளை கலந்த தூரிகை நிழலில் பட்டால் நிழல் வெளுத்துவிடும். இருட்டை மெல்லியதாக முதலில், வெளிச்சத்தைத் தடிமனாகக் கடைசியில் வையுங்கள்.

திருத்தம்: எண்ணெயைச் சுரண்டலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை வேண்டிய இடத்தில் முதலிலேயே பூசாமல் தாளை விட்டுவைக்க வேண்டும்.

பேருந்து, விமானப் பயணிகளுக்கு நீர்வண்ணம். டர்பன்டைனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஒரே இடத்துக்கு அதே நேரத்தில் திரும்பத் திரும்பப் போக முடிந்தவர்களுக்கு எண்ணெய். ஒன்று மட்டும்: எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம்.