பொருள் சேவை வரி 8லிருந்து 9 விழுக்காடு ஆன கதையை வைத்து நான்கு கோட் இண்டெக்ஸ் முறைகளைச் சோதித்தோம்

சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்கில் நாங்கள் ஆறு பேர் பார்த்துக்கொள்ளும் பில்லிங் மென்பொருளுக்கு ஏஐ கோடிங் உதவியாளர் வேண்டும் என்று முடிவானது. அது நம் கோடை (நிரலை) எப்படிப் புரிந்துகொள்ளும், எது எதை நம்பியிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும் என்பதில்தான் வாக்குவாதம். சரி, விடை தெரிந்த கேள்வியையே கேட்டுப் பார்ப்போம் என்று 2023 டிசம்பரில் இருந்த கோடை எடுத்தோம். பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 அன்று 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. அப்போது எந்தெந்தக் கோப்பைத் தொட்டோம் என்பது கிட் வரலாற்றில் (கோடில் செய்த மாற்றங்களின் பதிவில்) இருக்கிறது. கேள்வி இதுதான்: "வரி விகிதம் மாறினால் எங்கெல்லாம் கை வைக்க வேண்டும்?"

முதலில் இண்டெக்ஸே, அதாவது கோடில் எது எங்கே என்று முன்கூட்டியே தயாரித்த பட்டியலே, இல்லாத வழி. கிளாட் கோட் போன்ற உதவியாளர்கள் இப்படித்தான்: கேள்வி வந்ததும் ரிப்கிரெப் மாதிரி, எழுத்தை அப்படியே தேடும் கருவி ஒன்றை ஓட்டித் தேடி, கிடைத்ததைப் படித்து, மறுபடி தேடும். 0.08 என்று தேடியதில் பார்சல் எடையும் திரையின் நிழல் அளவும்கூட வந்து குவிந்தன. ஆனால் தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல் புரொசீஜர் ஒன்றில் வரி உள்ளடங்கிய விலையிலிருந்து வரியைப் பிரிக்க 8/108 என்று எழுதியிருந்தோம். அது சிக்கவே இல்லை. கணக்குப் பிரிவு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, 108னு தேடச் சொல்லு" என்றார். சொன்னதும் பிடித்துவிட்டது. இந்த வழியின் பலமும் பலவீனமும் அதுதான். எதைத் தேடுவது என்று தெரிந்தால் போதும், பழைய தகவல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரியாவிட்டால் டோக்கன் (ஏஐ படிக்கும், எழுதும் அளவின் அலகு) கரையும், விடை வராது.

இரண்டாவது வழி எம்பெடிங். அது அந்த எஸ்கியூஎல் புரொசீஜரை முதல் கேள்வியிலேயே கொண்டுவந்து வைத்தது. கோடைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றின் பொருளையும் எண்களாக மாற்றிச் சேமித்து, கேள்விக்கு நெருக்கமானதை எடுப்பதுதான் இதன் வேலை. புரொசீஜருக்கு மேலே "வரி உள்ளடங்கிய விலை" என்று கமெண்ட் இருந்ததால் பொருந்திவிட்டது. கூடவே, யாரும் அழைக்காத பழைய மாட்யூல் ஒன்றையும் அதே நம்பிக்கையோடு நீட்டியது. ஒரே மாதிரி இருப்பது வேறு, ஒன்றோடொன்று இணைந்திருப்பது வேறு. எந்தக் கோட் எதை அழைக்கிறது என்று இதனிடம் கேட்பதில் பயனில்லை. இன்னொரு விஷயம், இண்டெக்ஸ் எங்கே உருவாகிறது என்பது. கர்சர் என்ற ஏஐ எடிட்டர், மெர்க்கில் மரம் (கோப்புகளின் சுருக்கக் குறியீடுகளை அடுக்கி ஒப்பிடும் முறை) வைத்து மாறிய கோப்புகளை மட்டும் கண்டுபிடித்துப் புதுப்பிக்கிறது, அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எம்பெடிங் செய்யத் துண்டுகள் அதன் சர்வருக்குப் போகின்றன. வங்கிக்கு வேலை செய்யும் குழுவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது வழி, கோடை இலக்கணப்படி பகுக்கும் ட்ரீ-சிட்டர். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பில்ட் (கோடை ஓடும் மென்பொருளாகத் தொகுப்பது) தேவையில்லை, கோடில் பிழை இருந்தாலும் பார்ஸ் செய்துவிடும், மொழிகள் நிறைய. எய்டர் என்ற கோடிங் உதவியாளர் இதைக் கொண்டு பெயர்களைத் திரட்டி, கூகுளின் பேஜ்ரேங்க் பாணியில் முக்கியமானதை முன்னே வைத்து ஒரு வரைபடம் தருகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல, ஆரம்பத்துக்கு அருமை. ஆனால் இது பார்ப்பது கோடின் இலக்கண அமைப்பை மட்டுமே. "கால்குலேட்" என்ற பெயரில் எங்களிடம் வரிக்கு ஒன்று, டெலிவரிக் கட்டணத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. பிழையான வரைபடம் இல்லாத வரைபடத்தைவிட ஆபத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன். உதவியாளர் அதைச் சந்தேகிப்பதில்லை, நேராகத் திருத்தத் தொடங்கிவிடுகிறது.

கடைசியாக, கம்பைலர் (கோடைக் கணினிக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் மென்பொருள்) அளவுக்குத் துல்லியமான வழி. மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிவித்த எல்எஸ்பி (எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை), சோர்ஸ்கிராஃப் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த ஸ்கிப் (இண்டெக்ஸைச் சேமிக்கும் வடிவம்) ஆகியவை இந்த வகை. பைத்தான் கோடுக்கு பைரைட் என்ற கருவியை ஓட்டினோம். வரி விகிதம் தரும் ஃபங்ஷனை கிரெடிட் நோட் கோப்பு வேறு பெயர் சூட்டி இம்போர்ட் செய்திருந்தது. அந்த அழைப்பை உதவியாளரின் தேடலும் விட்டுவிட்டது, ட்ரீ-சிட்டர் வரைபடமும் விட்டுவிட்டது. இது நேராகக் காட்டியது. அங்கே தவறினால் சின்ன விஷயம் இல்லை: டிசம்பரில் 8 விழுக்காட்டில் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டும் 8 விழுக்காட்டில்தான் போட வேண்டும்.

இதற்கு விலை உண்டு. பழைய ஜாவா சேவையை என் கணினியில் பில்ட் செய்யவே ஒன்றரை நாள் போனது. பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு இணைய நெறிமுறையான எச்டிடிபி வழியாகப் போகும் அழைப்பும் எஸ்கியூஎல்லும் இதன் கண்ணில் படவே இல்லை. மொழி எல்லையைத் தாண்டினால் அதற்குப் பார்வை கிடையாது.

என் தேர்வு இது. "இதை மாற்றினால் எது உடையும்?" என்ற கேள்விக்குத் துல்லியமான இண்டெக்ஸ். அதை எம்சிபி (ஏஐயோடு வெளிக் கருவிகளை இணைக்கும் நெறிமுறை) சர்வர் வழியாக உதவியாளரிடம் கொடுத்திருக்கிறோம், மாற்றங்களைச் சேர்க்கும் ஒவ்வொரு மெர்ஜுக்குப் பிறகும் சிஐ என்ற தானியங்கி அமைப்பு புதிதாக உருவாக்குகிறது. எஸ்கியூஎல்லுக்கும் சேவைகளுக்கு இடையே உள்ள அழைப்புகளுக்கும் சாதாரணத் தேடல். எம்பெடிங்கை இப்போதைக்கு வாங்கவில்லை. எங்களுடையது சின்ன கோட், எது எங்கே இருக்கிறது என்று கேட்க அக்கா இருக்கிறார். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட கோட், எழுதியவர்கள் எல்லோரும் வேலை மாறிப் போய்விட்டார்கள் என்ற நிலையில் நான் அதைத்தான் முதலில் வாங்குவேன்.

நீங்களும் உங்கள் கிட்டில் இப்படி ஒரு பழைய மாற்றத்தைத் தேடி எடுங்கள். முக்கியமாக, அன்று ஒரு கோப்பை விட்டுவிட்டு மறுநாள் அவசரமாகத் திருத்திய மாற்றமாகப் பாருங்கள். எங்களுக்கு அது அந்த 8/108.